வாளிக்கு மூடி

கடிகாரம் பழுதுபார்க்கிறவர் யார் சொன்னதையும் லேசில் நம்பமாட்டார். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று யாராவது வந்து நின்றால்கூட, ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் கடிகாரத்தைத் திறப்பார். அப்படிப்பட்டவர் வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் மாட்டினார். இல்லை, கடைக்காரர் இவரிடம் மாட்டினார் என்பதுதான் சரி.

வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், பவளத்தைக் கெடுக்கும் தட்டைப்புழு பெருகிவிட்டது. அதைத் தின்ன ராஸ் என்கிற வகை மீன் ஒன்று வேண்டும். போன தடவை மச்சான் பேச்சைக் கேட்டு வாங்கிய உடம்பில் ஆறு கோடு போட்ட ராஸ், புழுவோடு தொட்டியில் வளர்த்த இறாலையும் சேர்த்து முடித்துவிட்டது. இப்போதிருப்பது இரண்டாவது இறால். மனைவியின் விரல் நுனிக்கே வந்து தீனி வாங்கும். இதுவும் போனால் தொட்டியும் வீட்டைவிட்டுப் போகும் என்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்.

கடைக்காரர் மஞ்சள் ராஸைக் காட்டினார். சாது, பெரிய இறாலைத் தொடாது, பயந்தால் மணலில் புதைந்துகொள்ளும் என்றார்.

"ஆனா துள்ளும் சார். தொட்டியோ வாளியோ, எதுல விட்டாலும் மூடி போட்டுடுங்க."

தொட்டிக்குத்தான் வலைமூடி இருக்கிறதே, வாளிக்கு எதற்கு? மீனோடு மூடியையும் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று இவருக்குப் பட்டது. மீனை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாம் நாள் மதியம் பாறையடியில் இறால் கிடந்தது. காலும் மீசையும் அப்படியே இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. மஞ்சள் மீனையும் காணோம். தப்பு பண்ணினவன்தானே ஒளிவான்? மணலைக் கிளறிப் பிடித்து வாளியில் போட்டார். கடைக்காரருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள் என்றாள் மனைவி. அவனும் கூட்டுக் களவாணிதான் என்றார். கடையில் போய்க் கேட்கவேண்டியதையெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி நிதானமாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

"இங்க கொஞ்சம் வாங்க" என்று மனைவி கூப்பிட்டாள்.

பாறை இடுக்கிலிருந்து இறால் வெளியே வந்துகொண்டிருந்தது. முன்னைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, பளபளவென்று இருந்தது. கீழே கிடந்தது அது உரித்துப்போட்ட சட்டை.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எச்சில் கையோடு வாளிக்கு ஓடினார். அதில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. சுவரோரம் தூசி ஒட்டிக்கொண்டு மீன் கிடந்தது.

மறுநாள் கடையில், இன்னொரு மஞ்சள் ராஸ் வேண்டும் என்றார். கடைக்காரர் வலையைக் கையில் எடுக்கவில்லை.

"முன்ன வாங்கினது என்னாச்சு சார்?"

"தானா செத்துப்போச்சு."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.