நாலாவது டின்

நானூற்றுப் பதினொரு நாளாகப் பூவிழி மழையை அளந்துகொண்டிருந்தாள். ஒரு நாளும் விட்டதில்லை. காய்ச்சல் வந்தபோதுகூடப் போர்வையோடு போய் அளந்துவிட்டு வந்துதான் படுத்தாள்.

கருவி பெரிதாக ஒன்றுமில்லை. ஏழு பழைய மைலோ டின்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஒன்று, தேயிலைச் சரிவில் வரிசையாக ஆறு. காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு டின்னிலும் ஸ்கேலை இறக்கி, எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட்டு நகர வேண்டும். அதன் பிறகு கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கப் போவாள். வேதியியல் படித்த மகள் ஸ்ட்ராபெரி விற்பது அம்மா உமாதேவிக்கு ஒரு துக்கம். மழையை அளப்பது இன்னொரு துக்கம். முதலாவதையாவது உறவுக்காரர்களிடம் சொல்ல முடிந்தது.

விஷயம் நாலாவது டின்னில் இருந்தது. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே முந்நூறு எட்டுதான். ஒரே மலை, ஒரே மேகம். ஆனால் மூன்றாவதில் முப்பது விழுந்தால் நாலாவதில் பன்னிரண்டைத் தாண்டாது. ஓட்டை என்று நினைத்து டின்னை மாற்றினாள். பிறகு இரண்டையும் இடம் மாற்றி வைத்தாள். மழை டின்னைப் பார்க்கவில்லை, இடத்தைப் பார்த்தது. ஏன் என்று தெரியவில்லை. அந்தத் தெரியாததுதான் தினமும் அலாரத்துக்கு முன்னால் அவளை எழுப்பியது. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் எதுவும் அவளை அப்படி எழுப்பியதில்லை.

முதலில் லயத்துக்கு இது பிடிக்கவில்லை. டெங்கிக் கொசுவுக்குத் தொட்டில் கட்டுகிறாள் என்று அடுத்த வீட்டுச் சீதா அத்தை ஊரெல்லாம் சொன்னாள். நிலைமையை மாற்றியவர் வேலப்பன் மாமா. டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், நாலு நம்பர் லாட்டரியை மட்டும் ஓயாமல் எடுப்பவர். ஒரு நாள் பேச்சுவாக்கில், நேற்று எவ்வளவு என்று கேட்டார். இருபத்தேழரை என்றாள். அதை 0275 ஆக்கி எடுத்தார். ஆறுதல் பரிசு விழுந்தது.

அன்றிலிருந்து டின்களுக்கு மரியாதை. யாரும் எட்டி உதைப்பதில்லை. ஏழாவது டின்னுக்கு யாரோ குங்குமம் வைத்தார்கள். மழையில் அது கரைந்து உள்ளே இறங்கியது. பூவிழி நோட்டில் 'நீர் சிவப்பு, காரணம் சீதா அத்தை' என்று குறித்துக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் ஷா ஆலம் நகரத்திலிருந்து வேலை வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே நேர்காணல் கொடுக்க வைத்ததன் பலன். கையுறைத் தொழிற்சாலை, ஆய்வுக்கூடம். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம், திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும் அப்பாவின் லோரியில் போய்விடலாம் என்று முடிவானது. முடிவு செய்தவர்களில் பூவிழி இல்லை.

அம்மாவிடம் சொல்ல ஒரு வாக்கியம் அவளிடம் இருந்தது. நீளமானதில்லை. வேலை வந்த முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். இரண்டாம் நாள் அம்மா வேலைக்குக் காலில் போட்டுப் போகக் கறுப்புச் சப்பாத்து வாங்கி வந்தாள். இனி சொன்னால் சப்பாத்துக்கும் சேர்த்துச் சண்டை. ஐந்தாம் நாள் பெட்டி. எட்டாம் நாள் அவள் பெயரில் கோயிலில் அர்ச்சனை. இனி சாமியும் சண்டைக்கு வரும். பத்தாம் நாள் செய்தி கம்போங் ராஜாவில் இருக்கும் சித்திவரைக்கும் போய்விட்டது. வாக்கியம் அப்படியே இருந்தது. அதைச் சொல்லும் செலவுதான் ஏறிக்கொண்டே போனது.

ஒரு முறை, சோறு போடும்போது, "அம்மா, அந்த டின்னு..." என்று ஆரம்பித்தாள்.

"இங்க டின்னுல தண்ணிய பாக்குற, அங்க கையொறையில தண்ணிய பாக்கப்போற," என்றாள் அம்மா. "தண்ணி ஒன்னுதான்லா. சம்பளம்தான் வேற."

பூவிழி சோற்றைப் பிசைந்தாள். பள்ளியில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்வதற்கே ஒரு மிடறு தண்ணீர் குடித்தவள் அவள்.

லயத்துக்கு வேறு கவலை. இவள் போய்விட்டால் நம்பர் யார் சொல்வது? குழாயடியில் பேசி, வேலப்பன் மாமாவைப் பொறுப்பில் அமர்த்தினார்கள். அவர் புது மழைக்கோட்டு வாங்கினார். வெள்ளிக்கிழமை பயிற்சி தொடங்கியது. கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும் என்று பூவிழி சொன்னாள். முதுகு இறங்காது, ஆனால் மனதால் இறங்கிப் பார்ப்பதாக அவர் சொன்னார். சனிக்கிழமை நாலாவது டின்னைக் கண்டு, பாவம், இதற்குக் கொஞ்சம் ஊற்றலாமா என்று கேட்டார். அவள் கூடாது என்றாள். அந்த ஒரு சொல்லே அந்த வாரம் அவள் பேசியதில் உரத்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அவள் போனபோது மாமா ஏழு டின்னையும் முடித்துவிட்டு நாலாவதன் பக்கத்தில் நின்றிருந்தார். வழியனுப்ப வந்த பெண்கள் பின்னாலேயே ஏறி வந்தார்கள். சீதா அத்தை கையில் முறுக்குப் பொட்டலம். அம்மா கையில் அந்தச் சப்பாத்து. ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கச் சொல்லிக் காலையிலிருந்து துரத்திக்கொண்டிருந்தாள்.

பூவிழி நோட்டை வாங்கிப் பார்த்தாள். மூன்றாவது டின் இருபத்தாறு. நாலாவது முப்பத்திரண்டு.

நானூற்றுப் பத்து நாளில் நாலாவது ஒரு முறைகூட மூன்றாவதை முந்தியதில்லை. மலை மனம் மாறிவிட்டதா?

"மாமா, இது நெசமா முப்பத்திரண்டா?"

"பதினொன்னோ பன்னெண்டோ இருந்துச்சு," என்றார் மாமா. "அந்த நம்பரெல்லாம் லாட்டரியில போன மாசமே விழுந்துருச்சுலா, இனி வராது. முப்பத்திரண்டு நேத்து கனவுல வந்துச்சு. அதான் எழுதிட்டேன்."

"தண்ணி எங்க?"

"கொட்டிட்டேனே. நீதானே கொட்டச் சொன்ன."

பெண்கள் முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். பூவிழி டின்னுக்குள் பார்த்தாள். அடியில் ஈரமும் ஒரு தேயிலைக் கொழுந்தும் இருந்தன. பதினொன்றா, பன்னிரண்டா? இனி யாருக்கும் தெரியாது.

பேனாவை எடுத்து முப்பத்திரண்டை அடித்தாள். அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட்டாள். நோட்டின் முதல் கோடு. தொண்டை, என்ன ஆச்சரியமோ, காயவில்லை.

"நாளைக்கு ஒழுங்கா எழுதிடுறேன்லா," என்றார் மாமா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "நீ நிம்மதியா போயிட்டு வா."

"நாளைக்கு நான் பாத்துக்குறேன் மாமா."

"நாளைக்கு நீ ஷா ஆலம்ல இருப்ப," என்றாள் அம்மா, சப்பாத்தை நீட்டியபடி.

பூவிழி நோட்டை மூடித் தன் மழைக்கோட்டுக்குள் பத்திரமாக வைத்தாள்.

"இல்லம்மா. அந்த வேலை வேணாம்னு நான் எழுதி அனுப்பி இன்னையோட பதிமூணு நாளாச்சு."