விதிப்படி ஒரு பாராமுகம்

மனநல ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுப்பதும், அவர்கள் மேல் வரும் புகார்களை விசாரிப்பதும் அந்த மன்றத்தின் வேலை. ஐந்து உறுப்பினர்களில் நான்கு பேர் மருத்துவத்தையோ சட்டத்தையோ கரைத்துக் குடித்தவர்கள். ஐந்தாமவர் பொதுமக்கள் சார்பில் நியமிக்கப்பட்ட பெரியவர். நில அளவைத் துறையில் உயர்ந்த பதவி வகித்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் சாய்ந்து உட்கார மாட்டார். முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஓர் ஆள் புகுந்து போகலாம். முதுகுக்குப் பின்னால் தன்னை 'அளவுகோல்' என்று கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அன்று விசாரணை தொடங்குமுன் தலைவி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"புகார் கொடுத்தவங்களையோ ஆலோசகரையோ யாருக்காவது பழக்கம் உண்டா? குடும்பத்துல யாராவது இவங்ககிட்ட போயிருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, விலகிக்கலாம்."

மற்றவர்கள் இல்லையென்று தலையசைத்தார்கள். பெரியவருக்கு அது போதவில்லை.

"எங்க குடும்பத்துக்கு இதுக்கெல்லாம் அவசியமே வந்ததில்லை. அதையும் குறிச்சுக்குங்க."

செயலாளர் குறித்துக்கொண்டார்.

புகார் கொடுத்தவர் ஒரு தையல்கார அம்மா. மருந்துக்கடை வரிசையில் மாமியாரோடு நின்றிருந்தபோது நடந்ததை, எதிரே உட்கார்ந்திருந்த ஆலோசக அம்மாளைக் காட்டிச் சொன்னார். "இவங்க என் பக்கத்துலதான் வந்து நின்னாங்க. விளக்குக் கம்பத்தைப் பார்க்கற மாதிரி என்னைப் பார்த்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. பெத்த தாய்கிட்ட சொல்லாததையெல்லாம் இவங்ககிட்ட கொட்டியிருக்கேன். அவ்வளவு கேவலமாவா போயிட்டேன்? அன்னிக்கு முழுக்க மெஷின்ல உக்காரவே முடியல. இவங்களுக்கு உரிமம் ஒரு கேடா?"

பெரியவருக்குச் சுருக்கென்றது. ஆகாதவன் எதிரே வந்தாலும் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம்.

"ஏம்மா, தெரிஞ்சவங்களைக் கண்டா ஒரு வணக்கம் சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

ஆலோசகர் பதறவில்லை. "நான் முதல்ல சொல்லக் கூடாதுங்க ஐயா. எங்க தொழில்ல அதுதான் முறை. பக்கத்துல நிக்கறவங்க 'இது யாரு, உனக்கு எப்படிப் பழக்கம்'னு கேட்டா, பாவம் அவங்க என்ன பதில் சொல்லுவாங்க? அவங்களாப் பார்த்துச் சிரிச்சா நானும் சிரிப்பேன். இல்லைன்னா எனக்கு அவங்க யாரோ எவரோதான்."

"சரி, நிஜமாவே யாரோ எவரோ வந்தா?"

"அவங்ககிட்ட தாராளமாப் பேசுவேன். அதுல யாருக்கும் சங்கடமில்லையே."

வழக்கறிஞர் உறுப்பினர் சிரித்துவிட்டார். "தெரியாதவங்கன்னா பேச்சு, தெரிஞ்சவங்கன்னா மூச்சு விடக் கூடாது. பேஷ்!"

பெரியவர் சிரிக்கவில்லை. ஆலோசகருடையது எங்கேயோ பார்த்த முகம் என்று காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. இப்போதுதான் பிடிபட்டது. போன மாதம் கண் பரிசோதனைக்குக் குடும்பத்தோடு போயிருந்தார். லிஃப்ட் கதவு மூடப்போன நேரத்தில் கையை நீட்டி நிறுத்தியவர் இதே அம்மாள். "எந்த மாடிங்க ஐயா? மெதுவா வாங்க. வெளியில என்ன புழுக்கம்!" என்று அவரிடம் அத்தனை இதமாகப் பேசினார். கூட நின்ற மனைவியையும் மகனையும் மருமகளையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள்? மனைவி கைப்பைக்குள் எதையோ துழாவினாள். மகன் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மருமகள் சுவர்க் கண்ணாடியைப் பார்த்துக் கலையாத முடியைச் சரிசெய்தாள்.

மூவரில் யார்? அல்லது மூவருமேவா? சே, லிஃப்டில் யார்தான் யார் முகத்தைப் பார்க்கிறார்கள்! மனைவி வாராவாரம் நூலகத்துக்குப் போகிறாள். ஒரு புத்தகமும் வீட்டுக்கு வந்து அவர் பார்த்ததில்லை. மகனுக்கு வியாழக்கிழமைகளில் அலுவலகம் நீள்கிறது. மருமகள் ஏதோ வகுப்பு என்கிறாள். நேற்றுவரை நேர்க்கோடாக இருந்த குடும்பம் இன்று எந்தப் பக்கம் அளந்தாலும் கோணலாகத் தெரிந்தது.

தேநீர் இடைவேளையில் மாடிப்படி ஓரம் ஒதுங்கி வீட்டுக்குப் போன் போட்டார். விசாரணையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஆகவே சுற்றி வளைத்தார்.

"நீ நூலகத்துக்குப் போறியே..."

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

"நூலகத்துக்குத்தானா?"

"பின்னே சினிமாவுல நடிக்கவா போறேன்? என்ன ஆச்சு உங்களுக்கு? மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

"இல்ல... உனக்கு மனசுல ஏதாவது..."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் இதைக் கேக்கத் தோணிச்சா? அதுவும் போன்ல?" என்று வைத்துவிட்டாள்.

அது ஆமாமா, இல்லையா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மகனைக் கூப்பிட்டார்.

"கண் டாக்டர்கிட்ட போனோமே, லிஃப்ட்ல ஒரு அம்மா நின்னாங்க பாரு..."

"எந்த அம்மாப்பா? ஏன், ஏதாவது சொன்னாங்களா?"

எந்த அம்மா என்றே தெரியாதவன், ஏதாவது சொன்னாங்களா என்று எதற்குக் கேட்கிறான்? பெரியவர் ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார். மருமகளைக் கூப்பிடவில்லை. மாமனார் எந்த முகத்தோடு அதைக் கேட்பது?

உள்ளே வாக்கெடுப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கண்டிக்க வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். எல்லோரும் அளவுகோலைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால், காலையில் மார்தட்டிச் சொன்னதை அதே வாயால் விழுங்க வேண்டும். குடும்ப மானம் கப்பலேறும். திறக்காவிட்டால், வீட்டார் சங்கதி ஒன்றை மடியில் மறைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னவர் ஆவார். எல்லைக்கல்லைத் தன் வசதிக்கு நகர்த்தியவர் என்று அவரை இதுவரை யாரும் சொன்னதில்லை. அதுவும் அந்தக் குடும்பத்து மானம்தான்.

எழுந்தார். "நான் விலகிக்கறேன். எங்க வீட்ல ஒருத்தர் இவங்ககிட்ட போயிருக்கலாம்."

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். "யாரு?"

"தெரியல."

"போயிருக்காங்கன்னாவது நிச்சயமாத் தெரியுமா?"

"அதுவும் தெரியலம்மா. போன மாசம் லிஃப்ட்ல பார்த்தப்போ, என்னைத் தவிர எங்க வீட்ல யாரையுமே இவங்க கண்டுக்கல. அதனால சந்தேகம்."

"ஐயா, இந்தக் கணக்குப்படி பார்த்தா ஊர்ல பாதிப் பேர் விலகணும்!" என்றார் வழக்கறிஞர். பிறகு ஆலோசகரிடம் திரும்பினார். "நீங்களே சொல்லிடுங்களேன். ஆமாவா, இல்லையா?"

"ரெண்டையும் சொல்ல முடியாதுங்க."

"இல்லைன்னு சொல்றதுல என்ன வந்துது?"

"இன்னிக்கு ஒருத்தருக்கு இல்லைன்னு சொல்லிட்டு, நாளைக்கு இன்னொருத்தருக்கு வாயை மூடிக்கிட்டா, அந்த மௌனமே காட்டிக் கொடுத்துடுமே."

தையல்கார அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "அப்போ, எங்க மாமியார் முன்னாடி என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னுதான் திரும்பிக்கிட்டீங்களா? இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கப்போறேன்?"

"சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்" என்றார் ஆலோசகர்.

தலைவி அதை எழுதிக்கொண்டார். பிறகு பெரியவரின் காலைப் பேச்சைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"வேண்டாம், இருக்கட்டும். அதுக்குக் கீழேயே இதையும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். "என்ன, சீக்கிரமே வந்துட்டீங்க?" என்றாள் மனைவி.

"விசாரணைலேர்ந்து விலகிட்டேன். நமக்கு வேண்டியவங்க சம்பந்தப்பட்டிருக்கலாம்னு பட்டுது."

யார் அது என்று யாராவது கேட்பார்கள் என்று நின்றார். மனைவி கேட்கவில்லை. மகனும் கேட்கவில்லை. மருமகள் தொலைக்காட்சியின் சத்தத்தை மட்டும் குறைத்தாள்.

அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வீட்ல யாருக்காவது எங்கயாவது போக வேண்டியிருந்தா போகலாம். என்கிட்ட சொல்லணும்னு இல்ல. நானும் கேக்க மாட்டேன். வண்டி வேணும்னா மட்டும் சொல்லுங்க. கொண்டுபோய் விட்டுட்டு வெளியிலயே உக்காந்திருப்பேன்."

"சரிங்க."

"சரிப்பா."

"சரி மாமா."

மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. பெரியவர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மூவரும் அவரை நேராகப் பார்த்தார்கள். ஒன்றும் விளங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதன்முறையாக அதில் சாய்ந்துகொண்டார்.