கும்பிடு ஷாட்

இருபது வயதில் அவளுக்குப் பட்டப்பெயர் புல்டோசர். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் கூடைக்கு அடியில் போய்த்தான் நிற்பாள். நடுவில் யாராவது மறித்தால் அது அவர்கள் தலையெழுத்து. அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவளுடைய அண்ணன். அவள் வேலை பார்த்த கம்பெனியின் கூடைப்பந்து அணிக்குக் கோச்சும் அவர்தான். முப்பதை நெருங்கும்போது முழங்கால் முரண்டு பிடித்தது. பாதி வழியிலேயே நின்று, எம்பிப் போட ஆரம்பித்தாள். பிறகு எம்பவும் முடியாமல் போயிற்று.

சரி, கால் கைவிட்டால் என்ன, கை இருக்கிறதே! பேக்கிங் வேலை முடிந்ததும், விரலில் ஒட்டிய பசையைக்கூடக் கழுவாமல் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஆடுகளத்துக்குப் போய்விடுவாள். மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே காலை ஊன்றிக்கொண்டு, நெஞ்சுக்கு நேராக வைத்த பந்தை இரண்டு கையாலும் உந்தப் பழகினாள். போடும்போது இரண்டு கையும் சேர்ந்தாற்போல மேலே போகும். கூட ஆடும் பெண்கள் அதற்குக் 'கும்பிடு ஷாட்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். பெயர் வைப்பதற்கு என்ன, காசா பணமா?

அண்ணன் சிரிக்கவில்லை. அரையிறுதிக்கு முன்னால், உடைமாற்றும் அறை வாசலில் அவளை நிறுத்தினார்.

"போதும்மா. இந்த மேட்சோட ஆட்டத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுடு. உன் இடத்துக்கு வேற பொண்ணு பாத்தாச்சு."

"கும்பிடுதானே? உள்ள இறக்கு, போடுறேன்."

"இன்னிக்கு நீ பெஞ்சுதான்."

"உக்காந்து வேடிக்கை பாக்க நான் என்ன டிக்கெட்டா வாங்கியிருக்கேன்?"

ஆனாலும் பெஞ்சில்தான் உட்கார வைத்தார். கடைசி நிமிடங்களில் ஒருத்தி ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேறினாள். பெஞ்சில் மிச்சம் இருந்த இன்னொருத்திக்குக் கணுக்கால் சுளுக்கு. வேறு வழியில்லாமல், வேண்டா வெறுப்பாக அண்ணன் அவளை இறக்கினார்.

எதிரணிக்காரர்களுக்குப் பழைய புல்டோசர் மறக்கவில்லை. "உள்ள பூந்துடுவா, தள்ளி நின்னு மறி!" என்று அவர்கள் கோச் கத்தினார். மறிக்க வந்த பெண்ணும் சொன்ன பேச்சைக் கேட்டு நாலடி தள்ளி நின்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இரண்டு கையும் மேலே போயின, பந்து கூடைக்குள். அடுத்த முறையும் அப்படியே. இப்போது இரண்டே பாயின்ட்தான் குறைவு.

பந்து மறுபடி அவள் கைக்கு வந்தபோது ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. அந்தப் பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது. மூச்சு மேலே படுகிற அளவுக்கு வந்து ஒட்டிக்கொண்டாள்.

"பாஸ் குடு! உன்னால முடியாது!" அண்ணன் கோட்டோரத்தில் தொண்டை கிழியக் கத்தினார்.

அவள் கூடையை விட்டு இன்னும் ஓரடி பின்னால் போனாள். பயந்து ஒதுங்குகிறாள் என்று நினைத்து அந்தப் பெண் ஒரு கணம் அசந்தாள். அது போதும். விசில் ஊதுவதற்குள் பந்து வலைக்குள் இறங்கியிருந்தது. மூன்று பாயின்ட்; ஒரே பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார்கள்.

அண்ணன் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு, மற்ற பெண்களைப் பார்த்துக் கூவினார். "பாத்தீங்களா, பழைய ஆட்டம் திரும்பி வந்துடுச்சு!"

அவள் அவர் கையை விலக்கினாள்.

"பழசு நீ சொல்லிக்குடுத்ததுண்ணே. அது முழங்காலோடயே போச்சு. இது நானா கத்துக்கிட்டது."

கீழே உருண்ட பந்தை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"ஃபைனல்ல மொதல்லயே என்னை இறக்கு. நீ கத்தினாலும் பாஸ் குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."