குதிரைப்படையில் ஒரு சைக்கிள்

இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் போர் நடந்த இடம் என்பதால், ஏகாம்பரத்தின் ஒன்றேகால் ஏக்கரைப் பாதுகாக்க அரசு எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். வரப்பு இருக்கலாம், கிணறு இருக்கலாம். போரைத் தவிர அங்கே நடந்த மற்ற சம்பவங்கள்தான் இருக்கக் கூடாது.

நோட்டீஸ் நியாயமாகத்தான் இருந்தது. ஏகாம்பரம் ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து வந்தார்.

பம்புசெட்டில் முதன்முதலாகத் தண்ணீர் பாய்ந்த காலை, சொட்டச் சொட்ட வண்டியில் ஏறியது. மகன் பட்டம் விட்ட சித்திரை மாதத்தைச் சுருட்டி ஓரமாகச் சாய்த்தார். தம்பியோடு வரப்புக்காகப் போட்ட சண்டையைத் தூக்க நாலு ஆள் தேவைப்பட்டது.

“இதுவும் சண்டைதானேம்மா. இருந்துட்டுப் போவட்டும்.”

“சரித்திர முக்கியத்துவம் இல்லைங்க,” என்றார் நில எடுப்பு தாசில்தார் மரகதவல்லி, குடைக்குள் இருந்தபடி.

வெள்ளி மாலை ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது.

கடலை பிடுங்கிய வெறும் நிலத்தில் பச்சையம்மாள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு வயதில், ஊருக்குத் தெரியாமல், புருஷனிடம் கற்றுக்கொண்ட சைக்கிள். அவள் இறந்து ஆறு வருடமாகிறது. அவள் சுற்றிய இடத்தில் மட்டும் இன்னும் மத்தியான வெயில் அடித்தது.

“எறங்கு பச்சை. வண்டி நிக்குது.”

“எப்பிடி எறங்கறது? எறங்கறத நாளைக்குச் சொல்லித் தரேன்னியேய்யா,” என்று சிரித்தபடி கடந்து போனாள்.

“ஏன் சொல்லித் தரலை?” தாசில்தார் கேட்டார்.

“மறுநாளு மழை புடிச்சிக்கிச்சு. வெதைச்சிட்டோம்.”

தாசில்தார் குறித்துக்கொண்டார். “காலையில வேலி போட்டுடுவோம். அப்புறம் உள்ள போர் மட்டும்தான் இருக்கும். மத்தது கலைஞ்சிடும்.”

ஏகாம்பரம் அடுத்த சுற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் வந்தாள். போனாள்.

“அந்தப் போருல குதிரைப்படை இருந்துச்சாம்மா?”

“நூத்திப் பன்னெண்டு பேர்.”

“நூத்திப் பதிமூணுன்னு எழுதுங்க.”

தாசில்தார் குடையைச் சாய்த்துச் சைக்கிளைப் பார்த்தார். “சேணம்?”

“சீட்டு கீது.”

“கனைக்குமா?”

“பெல் அடிக்கும்.”

எழுதினார். “நீங்க?”

“பின்னால கேரியரைப் புடிச்சிக்கினு ஓடணும். இல்லாட்டி உழுந்துடுவா.”

“அப்ப காலாட்படை. எந்தப் பக்கம்?”

“ஜெயிச்சவங்க என்ன ஆனாங்க?”

“அன்னைக்குச் சாயங்காலமே கூடாரத்தைப் பிரிச்சிக்கிட்டு அடுத்த கோட்டைக்குப் போயிட்டாங்க.”

“தோத்தவங்க?”

“எங்க போவாங்க. இங்கதான் இருக்காங்க.”

“தோத்த பக்கமே போடுங்கம்மா,” என்றார் ஏகாம்பரம்.

செருப்பை லோடு ஆட்டோவில் ஏற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலுக்குள் ஓடினார். தெற்கே முரசு ஒலித்தது. கேரியர் சுட்டது. விடவில்லை.