ஓடுபாதையோரப் புல்

மார்ச் மாதம் பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, விமானப்படைத் தளம் ஒன்றின் ஓடுபாதைப் பாதுகாப்புப் பிரிவில் பணிபுரியும் பெண் சார்ஜென்ட் ஒருவருக்கு, விளக்கம் கேட்டு, 'மெமோ' எனப்படும் குறிப்பாணை வழங்கப்பட்டது. ஓடுபாதையில் பறவைகளைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பறவைகளை வரவழைத்தவர் யாரோ, அவரே குறிப்பாணையில் கையெழுத்திட்டிருந்தார். அந்தத் தாள் கோப்பில் இருக்கும்வரை, ஜூன் மாதம் காலியாகும் பிரிவுத் தலைமைப் பதவிக்குச் சார்ஜென்ட்டின் பெயர் போகாது. முறையீடு இவ்வளவுதான். நடந்தவற்றை வரிசை குலையாமல் சொன்னால் நியாயம் எந்தப் பக்கம் என்பது தானே விளங்கும்.

தளத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. புல்லு அக்கா என்பார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர்தான். பதினோர் ஆண்டுகளாகக் கையில் அளவுகோலுடன் ஓடுபாதையின் இருபுறமும் நடந்து, புல்லின் உயரத்தை அளந்து பதிவேட்டில் எழுதும் பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆனால் அந்தப் புல்லில் ஒரு கணக்கு இருக்கிறது. அது ஒரு சாணுக்குக் குறையக் கூடாது. ஒன்றரைச் சாணுக்கு மிகக் கூடாது. அந்த உயரத்தில் நிற்கும் புல்லுக்குள் இறங்கும் பறவைக்குப் பதுங்கி வரும் பூனையும் தெரியாது, காலடியில் ஊரும் புழுவும் தெரியாது. ஆகவே அது இறங்காது. ஒட்ட வெட்டிவிட்டால் மூடி திறந்த பாத்திரம்போல எல்லாம் வெளியே தெரியும். ஊர்ப்பட்ட பறவைகளும் வந்து சேரும். அத்தளத்தில் பறப்பவை ஒற்றை எஞ்சின் போர்விமானங்கள். அரைக்கிலோகூட எடையில்லாத கொக்கு ஒன்று அந்த எஞ்சினுக்குள் போய்விட்டால், விமானிக்கு மாற்று எஞ்சின் கிடையாது. அவர் வீட்டாருக்கு மாற்று விமானியும் கிடையாது.

தளத்தின் துணைத் தளபதி தலைமையகத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. மார்ச் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை, தம் அறைக்குச் சார்ஜென்ட்டை வரச்சொன்னார். இரண்டாம் மாடிச் சன்னலிலிருந்து ஓடுபாதை முழுவதும் தெரியும். வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு உயரதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார். ஓடுபாதையோரம் மேடை போட்டு, நான்கு விமானங்கள் அவர்முன் பறந்து காட்ட வேண்டும்.

"என்ன சார்ஜென்ட் இது, ஆடு மேய்க்கப் போறோமா? வந்த நாள்லேருந்து பாக்குறேன், ஒரே காடா கிடக்கு. பெரியவர் வந்து பாத்தா என்ன நினைப்பார்?"

"பறவை வராம பாத்துக்கிறாங்கன்னு நினைப்பாருங்க சார்."

"மேடைக்கு எதிர்ப்பக்கத்தையாவது வெட்டிவிடுங்க. கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கணும்."

"கம்பளம் விரிச்சா விருந்தாளிங்க வந்துடுவாங்க சார். நாம கூப்பிடாமலே எரநூறு, முந்நூறு பேர்."

துணைத் தளபதி சிரிக்கவில்லை. சார்ஜென்ட் அன்று பிற்பகலே விதி எண்ணையும் அளவையும் குறிப்பிட்டு, வெட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். மாலையில் அந்தத் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திடப்பட்டிருந்தது. ஏற்றேன் என்றும் இல்லை, மறுத்தேன் என்றும் இல்லை. அலுவலகங்களுக்கு அந்தச் சொல்லின்மேல் அவ்வளவு பிரியம் இருப்பதன் காரணம் அதுதான்.

புதன்கிழமை சார்ஜென்ட்டுக்கு வார விடுப்பு. தளத்துக் குடியிருப்பில், அக்காள் குடும்பத்தோடுதான் அவர் வசித்துவந்தார். அக்காள் கணவர் அதே தளத்தில் டிராக்டர் ஓட்டுபவர். புல் வெட்டும் கருவியை இழுப்பது அந்த டிராக்டர்தான். வீட்டுக்குள் நுழையும்போதே கொழுந்தியாளைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அன்று மாலை ஆறு மணிக்கு வந்தவர், வாய் திறவாமல் நேரே குளியலறைக்கு நடந்தார்.

"மாமா, என்ன பூனை மாதிரி போறீங்க?"

"தலைவலி."

சார்ஜென்ட் எழுந்து போய் அவர் காதுமடலில் ஒட்டியிருந்த பச்சைத் துணுக்கு ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். புதுப்புல்.

"எந்தப் பக்கம்?"

"எது எந்தப் பக்கம்?"

"வெட்டினது."

சமையலறையிலிருந்து அக்காள் குரல் கொடுத்தார். "வந்ததும் வராததுமா மனுஷனை ஏன்டி குடையுற?"

"நான் எங்கக்கா குடையுறேன்? காதுக்குள்ள அரை வயல் புல்லு இருக்கு. அவரே குடைஞ்சுக்கட்டும்."

மாமா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "மேடைக்கு எதிர்ல, எண்ணூறு மீட்டர். எழுத்துல குடுத்துட்டாங்க கொழுந்தியா. நான் என்ன பண்ணட்டும்? டிராக்டரைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு உக்காந்துக்கவா?"

"எவ்வளவு ஒட்டா வெட்டினீங்க?"

மாமா காலையில் மழித்த தம் கன்னத்தைத் தடவிக் காட்டினார்.

சார்ஜென்ட்டுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. யாரையும் தொலைபேசியில் அழைத்துச் சண்டையிடவில்லை. வெட்டிய புல்லைத் திரும்ப ஒட்டவா முடியும்? சாப்பிட்டார். பறவைகளை விரட்டும் வெடித் துப்பாக்கிக்கு எத்தனை குண்டுகள் இருப்பில் உள்ளன என்று பிரிவுக்குக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னதாக எழுப்பும்படி கடிகாரத்தில் மணி வைத்தார்.

வியாழக்கிழமை, பொழுது புலரும் நேரம், மஞ்சள் ஜீப்பை அவரே ஓட்டிக்கொண்டு ஓடுபாதையின் மேற்கு முனையிலிருந்து புறப்பட்டார். முதல் அறுநூறு மீட்டரில் ஒன்றுமில்லை. வெட்டிய பகுதி தொடங்கிய இடத்தில் ஜீப்பை நிறுத்தினார். கொடி அறுந்து விழுந்த சலவைத் துணிகள்போல வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். நடுவே காக்கைகள். வெட்டுக்கிளி துள்ளிய இடமெல்லாம் ஓர் அலகு காத்திருந்தது. மேலே பருந்துகள் ஒன்பது, வட்டமிட்டுக்கொண்டிருந்தன. சார்ஜென்ட் பத்துப் பத்தாக எண்ணினார். முந்நூற்று நாற்பதில் எண்ணுவதை நிறுத்திவிட்டு ரேடியோவை எடுத்தார்.

"கோபுரம், ஓடுபாதைப் பாதுகாப்பு பேசுறேன். பறவை நிலை கடுமை. ஓடுபாதையை மூடுறேன். நேரம் ஆறு பதினேழு."

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஓர் இளைஞரின் குரல் வந்தது. "அக்கா, இன்னைக்கா?"

"பறவைங்ககிட்ட நாள் பாத்து வரச் சொல்லலை தம்பி. எழுதிக்குங்க."

மூன்று வெடி போட்டுப் பார்த்தார். பறவைகள் குபீரென்று எழுந்தன. ஓடுபாதையைக் குறுக்கே கடந்து மறுபக்கம் போய் அமர்ந்தன. ஐந்து நிமிடத்தில் அதே வழியாகத் திரும்பி வந்தன. சாப்பாட்டை விட்டுவிட்டு எங்கே போகும்? சார்ஜென்ட் துப்பாக்கியை உறையில் போட்டார். ஓடுபாதைக்கு மேலே கொக்குகள் பறப்பதைவிட ஓரத்தில் மேய்வது மேல்.

எட்டு மணி இருபது நிமிடம். மேடையில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. நான்கு விமானங்களும் வரிசையில் நின்றன. விமானிகள் உள்ளே அமர்ந்திருந்தார்கள். துணைத் தளபதியின் கார் ஜீப்புக்கு அருகே வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடி பாதி இறங்கியது.

"பத்து நிமிஷம்தான் இருக்கு. திறங்க."

"முடியாதுங்க சார். காலையில முந்நூத்து நாப்பது. இப்ப கூடியிருக்கு. சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிக்கிட்டு வருதுங்க."

"வெடியைப் போடுங்க. பறந்து போனதும் விமானத்தைக் கிளப்பிடலாம்."

"வெடி போட்டா மேல போகாது சார், குறுக்க போகும். நாமளே அள்ளி விமானத்துக்கு முன்னால வீசின மாதிரி ஆயிடும்."

துணைத் தளபதி காரிலிருந்த ரேடியோவை எடுத்து முதல் விமானத்தின் விமானியை அழைத்தார். புறப்படத் தயாரா என்று கேட்டார்.

"நான் தயார் சார். புல்லு அக்கா என்ன சொல்றாங்க?" என்றது விமானியின் குரல்.

"மூடியிருக்குன்னு சொல்றாங்க."

"அப்ப இறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வர்றேன் சார்."

துணைத் தளபதியின் காதோரம் சிவந்தது. சார்ஜென்ட் ஜீப்பின் இருக்கையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அதில் செருகியிருந்த படிவத்தை அவர் பதினோர் ஆண்டுகளில் ஒருமுறைகூட எவரிடமும் நீட்டியதில்லை.

"நீங்களே திறக்கலாம் சார். விதியில இடம் இருக்கு. இங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

பேனாவையும் சேர்த்துக் கார் சன்னல் வழியே கொடுத்தார். 'பாதுகாப்புப் பிரிவின் மறுப்பை மீறி ஓடுபாதையைத் திறப்பவர்' என்று தலைப்பிட்டு, அதன்கீழே பெயர், பதவி, நேரம், கையெழுத்து என நான்கு கட்டங்கள். துணைத் தளபதி படித்தார். மறுபடியும் படித்தார். ஒரு பருந்து விழுவதுபோல் இறங்கி, ஓடுபாதையின் நடுக்கோட்டை ஒட்டி எதையோ கவ்விக்கொண்டு போயிற்று. மேடைப் பக்கமிருந்து வாத்திய இசை கேட்டது. பேனாவின் மூடி திறந்தது, பிறகு மூடியது. அட்டை வெளியே வந்தது. கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

வெயில் ஏறியதும், வயிறு நிறைந்த கொக்குகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பின. கடைசிக் காக்கையும் போனபின், சார்ஜென்ட் எண்ணூறு மீட்டரையும் கால்நடையாக நடந்து பார்த்தார். ஒன்பது முப்பத்தொன்றுக்கு ஓடுபாதையைத் திறந்தார். நான்கு விமானங்களும் ஏறின, பறந்து காட்டின, இறங்கின. ஒன்றும் நடக்கவில்லை. இந்தப் பணியில் எய்தக்கூடிய மிகப் பெரிய வெற்றி அதுதான். அதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

கைதட்டாவிட்டால் போகட்டும். மறுநாள் துணைத் தளபதியின் கையெழுத்தோடு குறிப்பாணை வந்தது. உயரதிகாரியை ஒரு மணி நேரத்துக்குமேல் காக்க வைத்த குற்றம் கொக்குகள்மேல் விழுந்தது. கொக்குகளின் குற்றம் சார்ஜென்ட்மேல் விழுந்தது. புல்லை வெட்டச் சொன்னது யார் என்பதைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை. பதில் எழுத ஏழு நாள் கொடுத்திருந்தார்கள்.

பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, துணைத் தளபதி மறுபடியும் அழைத்தார். இம்முறை நாற்காலி காட்டினார். தேநீர் வந்தது.

"உக்காருங்கம்மா. நமக்குள்ள எதுக்கு இந்த வம்பெல்லாம்? மெமோவைக் கிழிச்சுப் போட்டுடலாம். நீங்க ஒரே ஒரு வரியை மாத்தணும். பதிவேட்டுல மூடினதுக்குக் காரணம் பறவைன்னு இருக்கு. மூடுபனின்னு எழுதிடுங்க. பனின்னா யார் மேலயும் தப்பு இல்ல பாருங்க."

"அன்னைக்கு வெயில் மண்டையைப் பொளந்துச்சுங்க சார். மேடையில எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டு உக்காந்திருந்தீங்க. படம்கூட எடுத்திருக்காங்க."

"பிடிவாதம் வேண்டாம். ஜூன்ல உங்க பேரைத்தான் எழுதலாம்னு இருந்தேன்."

சார்ஜென்ட் அந்தப் பதவியை விரும்பவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மிகவும் விரும்பினார். பிரிவுத் தலைவரின் அறையில் எந்த அலமாரியை எங்கே நகர்த்துவது என்பதுவரை மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருந்தார்.

"பனின்னு எழுதினா, அடுத்த வருஷம் யாராவது இதை எடுத்துப் படிப்பாங்க சார். புல்லை ஒட்ட வெட்டியிருக்காங்க, ஒரு பறவையும் வரலைன்னு நினைச்சு, அவங்களும் வெட்டுவாங்க. அன்னைக்கு மூடுறதுக்கு நான் இங்க இருப்பேனோ என்னவோ. பதிவேடு இருக்கும்."

தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். நல்ல தேநீர், அதன்மேல் அவருக்கு வழக்கு ஒன்றும் இல்லை. விறைப்பாகச் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அவர் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது, மாமா நான்காக மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். புல் வெட்டச் சொல்லித் துணைத் தளபதி கையெழுத்திட்ட உத்தரவு.

"இதையும் சேத்துக் குத்து கொழுந்தியா."

"உங்க வேலைக்கு ஏதாவது வந்துடப்போகுது மாமா."

"டிராக்டர் ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எங்கயும் வேலை இருக்கு. என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது."

"கெடுறதுக்கு முதல்ல நல்ல பேரு இருக்கணும்," என்றார் அக்காள், தட்டுகளை எடுத்தபடி. ஆனால் அன்றிரவு கணவருக்கு இரண்டாவது முறை குழம்பு ஊற்றியதைத் தங்கை பார்த்தார்.

பதில் மூன்றே வரி. நடந்தது பதிவேட்டில் உள்ளபடியே நடந்தது. தடுத்து எழுதிய தாளும், வெட்டச் சொன்ன உத்தரவும் இணைக்கப்பட்டுள்ளன. புல் உரிய உயரத்துக்கு வளரும்வரை அந்தப் பக்கம் டிராக்டர் போகக் கூடாது.

இன்று ஏப்ரல் இருபத்திரண்டு. டிராக்டர் போகவில்லை, அந்த அளவுக்கு அவர் எழுத்து வென்றிருக்கிறது. பதிலுக்குப் பதில் வரவில்லை. குறிப்பாணை இன்னும் கோப்பில் இருக்கிறது. ஜூன் பட்டியல் மேலே போய்விட்டது. அதில் அவர் பெயர் இல்லை. சார்ஜென்ட் இன்று காலையும் அளவுகோலோடு நடந்தார். புல் முக்கால் சாண் வளர்ந்திருந்தது. பறவைகள் பதினொன்று. அப்படியே எழுதினார்.

இதைப் படிக்கும் நீங்களும் எங்கோ ஒரு மேசையின் பின்னால் அமர்ந்து, பிறர் செய்யும் வேலையைப் பற்றிக் கையெழுத்திடுபவராக இருக்கலாம். உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. அடுத்த குறிப்பாணை உங்கள் முன்னால் வந்து நிற்கும்போது எழுந்திருங்கள். அந்த வேலை நடக்கும் இடத்துக்கு, அது நடக்கும் நேரத்தில், காரிலிருந்து இறங்கி, உங்கள் காலால் நடந்து போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.