திருமதி ஓட்டேரோ, பதினான்கு அங்குலம்

“இருநூத்தி மூணு அடி!”

“நூத்தித் தொண்ணூத்தொம்பது அடி, ரெண்டு அங்குலம். இன்னிக்குக் காலையில நானே முட்டி போட்டு அளந்தேன்.”

“முட்டி போட்டீங்கன்னா ஜெபம் பண்ணியிருப்பீங்க, அளந்திருக்க மாட்டீங்க.”

“வக்கீல் சார், நான் யூதப் பொம்பள. நடைபாதையில முட்டி போட்டு ஜெபம் பண்ற வழக்கம் எங்க வீட்ல இல்ல. அளக்கத்தான் போட்டேன்.”

சண்டை நடந்தது ஒரு முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், அவித்த ப்ராக்கோலி வாடை இன்னும் போகாத மாலை ஆறரை மணிக்கு. மன்ஹாட்டனின் கீழ்க்கோடியில் உள்ள எங்கள் வட்டார வாரியத்தின் மது உரிமக் குழு மாதம் ஒரு திங்களன்று அங்கேதான் கூடும். கடை திறந்து குடி விற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் அக்கம்பக்கத்தார் முன்னால் நின்று ஏச்சு வாங்க வேண்டும்; அதன் பிறகுதான் காகிதம் மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் போகும். அன்றைக்குச் சொல்லப்பட்ட இரண்டு அளவும் சரியானவை. மனுக்காரர் தரப்பு வக்கீல் அமர்த்திய அளவையாளன் லுட்விக் மார்ச் மாதம் நாடாவைப் பிடித்தபோது தேவாலயத்தின் கதவு இருந்த இடம் வேறு. எங்கள் டெலமேட்டர் தெருச் சங்கத்தின் தலைவி ஃபிலிஸ் லோவென்தால் ஏப்ரலில் அளந்தபோது இருந்த இடம் வேறு. இடையில் தேவாலயம் மூன்றடி பத்து அங்குலம் கிழக்கே நகர்ந்திருந்தது.

அது நகர்வது தெருவில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் கட்டடத்தின் கதவிலிருந்து இருநூறு அடிக்குள் ரம்மோ விஸ்கியோ விற்க உரிமம் கிடையாது என்பது மாநிலச் சட்டம். எங்கள் தேவாலயம் முன்னாளில் செருப்புக்கடையாக இருந்த ஒற்றை மாடிக் கட்டடம். 1988இல் யாரோ ஒருவர் இருநூற்று ஆறாவது அடியில் பார் திறக்க மனுப் போட்டார். விசாரணை நாளன்று அளந்து பார்த்தால் நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் இருந்தது. மனுக்காரர் லைசென்ஸ் கிடைக்காமல் ப்ரூக்ளின் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பின் பத்தாண்டுகளில் இன்னும் நான்கு மனுக்கள். ஒவ்வொன்றுக்கும் தேவாலயம் தேவையான அளவு மட்டும் நகர்ந்தது, ஓர் அங்குலம்கூட வீணாக்கவில்லை. பக்கத்து அவென்யூவில் பதினேழு பார்கள் இருந்தன. எங்கள் தெருவில் ஒன்றும் இல்லை.

நகர்ந்த அடிகள் மிலாக்ரோஸ் ஓட்டேரோவின் வீட்டிலிருந்து வந்தன. தேவாலயத்துக்குக் கிழக்கே ஒட்டி நிற்கும் குடியிருப்பின் தரைத்தளத்தில் அவளுக்கு இருபத்திரண்டு அடி அகலத்தில் இடம் இருந்தது. முதல் தடவை சமையலறை போனது. அடுத்து, கணவனின் நாற்காலி இருந்த மூலை. மேல்மாடிக்காரர்களுக்கு எதுவும் குறையவில்லை. அவர்கள் மேலேயிருந்து அனுதாபப்பட்டார்கள். அவள் புகார் சொன்னபோது கட்டடக் காவல்காரர் வந்து நாடாவால் அளந்து, அளந்ததைத் திரும்ப ஒருமுறை அளந்து, “வாடகை அறைக் கணக்குலதான்மா, அடிக் கணக்குல இல்ல. அறை இருக்கில்ல?” என்று சொல்லிவிட்டுப் போனார். அறை இருந்தது. ஐந்தடி அகலத்தில்.

மேற்கே தேவாலயம் விட்டுவிட்டு வந்த பதினேழு அடியில் தெருச் சங்கத்தார் தோட்டம் போட்டார்கள். பெஞ்சு, ரோஜா, ஆறு வரிசைத் தக்காளி. வருடா வருடம் முதல் தக்காளியை மிலாக்ரோஸுக்குத்தான் கொடுப்பார்கள். தன் பழைய சமையலறையின் அகலத்தில் விளைந்த தக்காளியை அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வாள். போதகர் செத்து, சபையார் ஒவ்வொருவராகச் செத்தும் ஃப்ளோரிடா போயும் தீர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறப்பதும் பாடுவதும் ஆமென் சொல்வதும் அவள் ஒருத்திதான். அவள் இருக்கும் வரை அது தேவாலயம். ஆகவே கடவுள் நம்பிக்கையே இல்லாதவர்கள்கூட அவள் இருமினால் சூப்போடு ஓடி வந்தார்கள்.

ஃபிலிஸைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. அவள் கணவன் மோர்ட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த சனிக்கிழமை, அவென்யூவை அடைத்து நின்ற குடிக்கூட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் பத்தொன்பது நிமிடம் ஊளையிட்டபடி நின்றது. கூட்டத்தில் ஒருவன் அந்த ஊளைக்கு ஏற்ப ஆடிக்காட்டினான். அதிலிருந்து அவள் எந்த மனுவையும் விட்டதில்லை. மிலாக்ரோஸுக்கு ஒடுக்கமான கட்டில் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்ததும் அவள்தான். “தெருவுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கம்மா, செல்லம்” என்பாள்.

இந்த ஆறாவது மனு மிலாக்ரோஸின் மகள் யாதிராவுடையது. பன்னிரண்டு வருடம் அடுத்தவர் அடுப்பில் வெந்தவள், 231ஆம் எண்ணில் மூடிக்கிடந்த சலவைக்கடையைப் பிடித்து உணவகம் வைக்கப் பார்த்தாள். கடைக்குப் பின்னால் ஜன்னல் வைத்த இரண்டு அறைகள் இருந்தன. “அம்மா, அந்த ரூம்ல நீ ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கலாம்” என்று சொல்லித்தான் தாயை மயக்கினாள். பியரும் ஒயினும் மட்டும் விற்கிறேன் என்றால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். “பன்னிக்கறி வறுவல் திங்கிறவன் ஒயினா கேப்பான்? ரம் இல்லாம அந்த வாடகைய எப்படிக் கட்டுறது?” என்றாள். கடை இடத்தின் சொந்தக்காரரும் லைசென்ஸ் வந்த பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவேன் என்றிருந்தார்.

மிலாக்ரோஸ் இதைப் பற்றித் தேவாலயத்தில் வாயே திறக்கவில்லை. ஜெபத்தில்கூடச் சொல்லவில்லை. ஆனால் 231இன் கதவில் அறிவிப்பு முப்பது நாள் ஒட்டியிருந்தது. படிக்கத் தெரிந்த எதற்கும் அது தெரியும். விசாரணை நாள் காலையில் அவள் கண் விழித்தபோது மூக்கு சுவரில் இடித்தது. கட்டில் அவளையும் சேர்த்துச் செங்குத்தாக எழுந்து நின்றது. ஐந்தடியில் மிச்சம் பதினான்கு அங்குலம். வயிற்றை எக்கிப் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தாள். கூட்டத்துக்கு வந்தபோது அவளுடைய நீல உடுப்பின் நெஞ்சிலும் முதுகிலும் சுண்ணாம்பு அப்பியிருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தட்டிவிட்டார்கள்.

குழுத் தலைவர் ஹொரேஸ் டில்மன் ஓய்வு பெற்ற பல் வைத்தியர். மனைவி முட்டை அவிக்க வைத்திருந்த நிமிடக் கடிகாரத்தை மேசைமேல் வைத்து ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுப்பார். ஃபிலிஸின் எதிர்ப்பாளர் பட்டியலில் ஆறாவது பெயர் மிலாக்ரோஸ். வழக்கமாக எழுந்து “நான் தினமும் ஜெபிக்கிறேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாள். அதுவே போதுமானதாக இருந்தது.

வக்கீல் அடி அங்குலத்தை விட்டுவிட்டுக் கடைசி முயற்சியாகக் கேட்டார். “அந்தக் கட்டடத்துல ஜெபம் தவிர வேற எதுவும் நடக்கலையே?”

“ஜெபம் மட்டும்தான்” என்றாள் ஃபிலிஸ். “இதோ, சபையே வந்திருக்கு. கேட்டுக்கங்க.”

மிலாக்ரோஸ் எழுந்தாள். டில்மன் கடிகாரத்தைத் திருகினார். முதலில் அவள் மகளைப் பார்க்கவில்லை, ஃபிலிஸைப் பார்த்தாள். தேவாலயக் கதவு மிலாக்ரோஸ் முப்பத்தொரு வருடம் ஞாயிறுதோறும் திறந்த கதவு. கணவனின் சவப்பெட்டி அந்தக் கதவு வழியாகத்தான் போனது. இப்போது சொல்லப்போவதைச் சொல்லிவிட்டால் அந்தக் கட்டடம் சட்டப்படி வெறும் செருப்புக்கடை. தெருவில் இனி எந்தக் கதவையும் அது தடுக்காது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தை எங்கள் யாரையும்விட நன்றாகக் கேட்டவள் அவள்.

“மாசாமாசம் மொத செவ்வாய்க்கிழமை தெருச் சங்கம் அங்கதான் கூடுது” என்றாள். “நான்தான் கதவு திறந்து விடுவேன். ஃபிலிஸ் காபி மெஷின் வாங்கி வெச்சிருக்காங்க. பாதாம் பிஸ்கட்டு ஜோஸ்ஃபின் வீட்லேருந்து. போன வருசம் ரெண்டு தடவை பிங்கோ ஆடினாங்க. இந்த பாருக்கு எதிரா நூத்திப் பன்னெண்டு கையெழுத்து வாங்கினாங்களே, அதெல்லாம் திருவிருந்து மேசை மேல காகிதத்த விரிச்சு வெச்சுப் போட்டதுதான். காபி கொட்டின கறை இன்னும் துணியில இருக்கு. நான் தொவச்சுப் பாத்தேன். போகல.”

கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

“மிலாக்ரோஸ்!” ஃபிலிஸின் குரல் உடைந்தது. “உனக்கு எத்தனை நாள் சூப் கொண்டாந்திருக்கேன்!”

“கொண்டாந்தீங்க. உள்ள வந்து உக்காருங்கன்னு ஒரு நாளாவது சொன்னேனா? சொல்ல இடமில்ல. அதான் வாசல்லயே வாங்கிக்கிட்டேன்.”

“எங்க மோர்ட்டிய நெனச்சுப் பாத்தியா?”

“தெனமும் ஜெபிக்கிறேன்” என்றாள் மிலாக்ரோஸ். கடிகாரம் அடித்தது.

ஐந்துக்கு நான்கு என்று உரிமத்தின் பக்கம் வாக்கு விழுந்தது. பத்து மணிக்கு ஜன்னல் சாத்த வேண்டும், பதினொன்றுக்கு அடுப்பை அணைக்க வேண்டும், வாத்தியம் கூடாது என்று யாதிராவிடம் எழுதி வாங்கினார்கள். ஆல்பனியும் ஒத்துக்கொண்டது. ஆனால் செய்தி அதற்குள் 231இன் சொந்தக்காரர் காதுக்கு எட்டியிருந்தது: டெலமேட்டர் தெருவில் தேவாலயம் கிடையாது. கையெழுத்துப் போடாத ஒப்பந்தத்தை மேசை டிராயரில் போட்டுவிட்டு, மூன்று மடங்கு வாடகை தருவதாகச் சொன்ன மூன்று மாடி பாருக்கு இடத்தைக் கொடுத்தார். பின்னறைகள் இரண்டையும் இடித்துக் கழிப்பறை கட்டினார்கள். இரண்டு வருடத்தில் தெருவில் ஏழு பார்கள் வந்தன. தோட்டத்தின் தக்காளிச் செடிகளுக்கு இரவெல்லாம் இளைஞர்கள் தண்ணீர் விட்டார்கள். என்ன தண்ணீர் என்று எழுத வேண்டியதில்லை.

தேவாலயம் அதன் பிறகு நகரவில்லை. ஒவ்வொரு பார் திறந்த நாளிலும் மிலாக்ரோஸ் உள்ளே போய் மண்டியிட்டு, மேற்கே திரும்பிப் போய்விடும்படி அதைக் கேட்டாள். இனி காக்க ஒன்றுமில்லையே, என் இடத்தைக் கொடுத்துவிடு என்று கேட்டாள். அது கேட்டுக்கொண்டிருந்தது. கொடுக்கவில்லை.

நான்காவது பார் திறந்ததும் ஃபிலிஸ் வீட்டை விற்றுவிட்டு நியூ ஜெர்சியில் தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் இலை ஊதும் இயந்திரத்துக்கு எதிராக மனுப் போட்டிருக்கிறாள் என்று கேள்வி. போகும்போது மிலாக்ரோஸின் வாசலில் சூப் பாத்திரத்தை வைத்துவிட்டு, மணியை அடிக்காமல் போனாள். டில்மன் இறந்துபோனார், கடிகாரம் இன்னும் ஓடுகிறது. யாதிரா அளவையாளன் லுட்விக்கைக் கட்டிக்கொண்டாள். “இந்த மனுசன் பொய் அளவு சொல்லல, அத மட்டும் பாத்தேன்” என்று மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். இருவரும் பென்சில்வேனியாவில் ஆலன்டவுன் போய்ச் சாப்பாட்டுக்கடை வைத்தார்கள். ரம் விற்பதில்லை. தாயை ஒருமுறை அழைத்துப் போனார்கள். பெரிய அறை, பெரிய கட்டில். மிலாக்ரோஸ் நடு அறையில் மூச்சுத் திணறி, அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் போய் நின்றுகொண்டாள். கையை நீட்டம்மா என்று யாதிரா அழுதாள். நீட்டத் தெரியவில்லை. நான்காம் நாள் பேருந்து ஏறித் திரும்பி வந்துவிட்டாள்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். கதவு இடுக்கில் தட்டை நீட்டினால் ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். மறுநாள் தட்டு கழுவி வெளியே இருக்கும். ஞாயிறு காலையில் சுவருக்குள்ளிருந்து பாட்டுக் கேட்கும், பார்களில் முந்தைய இரவின் நாற்காலிகளைக் கழுவுகிற நேரம். மனுப் படிவத்தில் தேவாலயத்துக்கு உள்ள தூரம் என்ற கட்டம் இன்னும் இருப்பதால், பயன் இல்லாவிட்டாலும் மனுக்காரர்கள் அளந்துதான் எழுதுகிறார்கள். அவள் நிற்கும் இடுக்கு மட்டும் விட்டுப்போனதுபோல, வரைபடத்தில் உள்ளதைவிட நாடாவில் எப்போதும் பதினான்கு அங்குலம் குறைகிறது. புதிதாக வந்த வக்கீல்கள் இரண்டாம் முறை அளப்பார்கள். பழையவர்கள் அளப்பதில்லை. மரத்துக்கும் தீயணைப்புக் குழாய்க்கும் கழிப்பதுபோல, கீழே ஒரு வரி எழுதிக் கணக்கை நேர் செய்துவிடுவார்கள்: திருமதி ஓட்டேரோ, பதினான்கு அங்குலம். குழு அதைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை.