குரும்பட்டிக்குள்ள ஊசி

என்னை ஆரும் சூனியக்காரி எண்டு சொன்னால் மற்ற நாளெண்டால் கொண்டையைப் பிடிச்சிருப்பன். அண்டைக்குப் பேசாமல் நிண்டனான். செலீனா பேசாமல் நிண்டாள் எண்டால் எங்கட கீரி ஊரில ஒருத்தரும் நம்பாயினம். ஆனால் நிண்டனான்.

விசயம் இதுதான். என்ர மனுசன் யாகப்பருக்குச் சீனி வருத்தம். காலமையும் பின்னேரமும் இன்சுலின் ஊசி போடவேணும். போடுறது நான். கண்ணாடிக் குழலையும் ஊசியையும் அவிச்சு, முனை மழுங்கினால் கல்லில தீட்டி, திரும்பத் திரும்பப் பாவிப்பம். கடைசியில ஊசி வளைஞ்சு, தீட்டவும் சரிவராமல் போயிடும். பிறகு அதை எங்க போடுறது? அதுதான் எனக்குப் பெரிய தலையிடி.

குப்பையில போடேலாது. பக்கத்து வீட்டுப் பெற்றிசியாவின்ர பிள்ளையள் வெறுங்காலோட எங்கட வளவுக்குள்ளதான் நாள் முழுக்க ஓடித்திரியுதுகள். கடலில எறிஞ்சால் கரைவலை இழுக்கிற ஆக்களின்ர காலில ஏறும். அடுப்பில போட்டாலும் இரும்பு எரியுமே? சாம்பலோட வந்து சட்டி மினுக்கிற கையில குத்தும். மருந்து தாற அப்போதிக்கரி ஐயா வேற, "துருப்பிடிச்ச ஊசி ஏறினால் ஏற்புவலி வந்து ஆளே போயிடும், பிள்ளை" எண்டு வெருட்டி வைச்சிருந்தார்.

யோசிச்சு யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சன். முத்தாமல் பிஞ்சிலயே தென்னையால விழுகிற குரும்பட்டி இருக்கெல்லோ, அதுக்குள்ள ஊசியை அடிமட்டும் குத்தி இறக்கிப்போட்டு, ஒருத்தரும் மிதிக்காத வேலி ஓரத்தில மண் கிண்டித் தாட்டுப்போடுவன். என்ர கெட்டித்தனத்தில எனக்கு நல்ல பெருமை.

ஊருக்குள்ள ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ர மனுசன் றெயில்வேக் கந்தோரில கிளாக்கர். வருத்தக்காரன் எண்டு வெள்ளைக்காரத் துரைக்குத் தெரிஞ்சால் அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிப்போடுவான். "இஞ்ச பார், உன்ர வாயால எங்கட சோத்தில மண் விழுத்தாத" எண்டு இவர் என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்.

மாரிக்கு முந்தி வேலியில புதுக் கதியால் தடி நட எண்டு பெற்றிசியா அலவாங்கால கிடங்கு கிண்டினாள். மண்ணோட என்ர குரும்பட்டியளும் வெளியில வந்திட்டுது. கறுத்துப்போய், ஒவ்வொண்டின்ர வயித்துக்குள்ளயும் ஊசி. அவளின்ர புருசன் அமிர்தநாயகத்தின்ர வள்ளம் அந்த மாசம்தான் கவிண்டு உடைஞ்சது. கடைக்குட்டி காய்ச்சலில கிடக்குது. அவள் வேற என்னத்தை நினைப்பாள்? நானெண்டாலும் அதைத்தான் நினைச்சிருப்பன்.

"எடியே செலீனா! என்ர குடும்பத்துக்கு நீயோடி செய்வினை செய்தனீ? என்ர கையால எத்தினை நாள் மீன்கறி வாங்கித் திண்டனீ!"

சனம் கூடிட்டுது. "செய்வினை இல்லையடி" எண்டன்.

"அப்ப என்ன? வா, அந்தோனியாருக்கு முன்னால சத்தியம் பண்ணு, தாட்டது நீ இல்லை எண்டு!"

எப்படிப் பண்ணுறது? தாட்டது நான்தானே. அந்தோனியாரிட்டைப் பொய் சொல்லேலுமே? உள்ளதைச் சொன்னால் இவற்ர வேலை போகும்.

"நான்தான் தாட்டனான்" எண்டன். அதுக்கு மேல ஒரு சொல்லும் சொல்லேல்லை. வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டு அழுதன். அவளின்ர பிள்ளையளின்ர காலுக்காகத்தானே இவ்வளவு பாடும் பட்டனான் எண்டு நினைக்க நினைக்கக் கோவம் பத்திக்கொண்டு வந்தது.

பொழுதுபட முந்தி கதை கீரி முழுக்கப் பரவிட்டுது. வேலையால வந்த இவர் றோட்டிலயே கேள்விப்பட்டிட்டார். வீட்டுக்குள்ள வந்தவுடன சொன்னார்:

"ஊசிப் பெட்டியை எடு. பெற்றிசியா வீட்டை போவம்."

"உங்களுக்கென்ன விசரே? வேலை போயிடும்!"

"போனால் போகட்டும். நீ சூனியக்காரி எண்டு பேர் எடுத்து நான் சம்பளம் எடுக்கிறதே?"

பெற்றிசியாவின்ர குசினி வாசலில குந்தி, சட்டைக் கையைச் சுருட்டி, "போடு" எண்டார். போட்டன். இவர் அசையேல்லை.

"இதுதான் பிள்ளை அந்த ஊசி. உன்ர பிள்ளையளின்ர காலில ஏறக்கூடாதெண்டுதான் இவள் தாட்டவள். என்ர வருத்தம் துரைக்குத் தெரிஞ்சால் எனக்கு வேலையில்லை. இனி உன்ர விருப்பம்."

பெற்றிசியா வாயைப் பொத்திக்கொண்டு என்ர கையையே பார்த்தாள்.

எனக்கெண்டால் ஒரே பயம். இவள் என்ர பேரைக் காப்பாத்த எண்டு ஊரெல்லாம் உண்மையைச் சொல்லப்போறாள், அது துரையின்ர காதுக்குப் போகப்போகுது எண்டு. விடிய அவள் கிணத்தடிக்குத்தான் போனாள். எல்லாருக்கும் கேக்கச் சொன்னாளாம்: "அது நான் செய்விச்ச சாமான். வலையில மீன் விழ எண்டு ஒருத்தனைக் கொண்டு செய்விச்சு, என்னெண்டு சொல்லாமல் செலீனாவைக் கொண்டு புதைப்பிச்சனான். வெளியில வந்தவுடன பயத்தில பழியை அவளில போட்டிட்டன்."

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போறன், பெற்றிசியா கோயில் வாசல் மணலில முழங்காலில நிக்கிறாள். செய்வினை செய்விச்சதெண்டு சுவாமியார் குடுத்த தண்டனை. சனம் சீலையை ஒதுக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போகுது. ஒருத்தி காறித் துப்பிப்போட்டும் போனாள். நான் உள்ள போய் என்ர இடத்தில இருந்தன். இருக்கேலாமல் போச்சுது. எழும்பி வெளியில வந்து, அவளுக்குப் பக்கத்தில முழங்காலில நிண்டன்.

"உனக்கென்னடி பாவம்? எழும்பி உள்ள போ" எண்டாள், தலை நிமிராமல்.

"வாயைப் பொத்திக்கொண்டு செபத்தைச் சொல்லடி" எண்டன்.